106 எங்கே போனது? பழைய பேஸ்பால் அட்டைத் தொகுப்புகளின் புதிர்களை அவிழ்க்க ஒரு முழுமையான வழிகாட்டி

1933-ல் பாஸ்டன் நகரத்து கௌடி கம் நிறுவனம் சூயிங் கம் பொட்டலத்தோடு ஓர் அட்டை வைத்து விற்றது. முன்னால் ஒரு பேஸ்பால் வீரரின் வண்ணப்படம், பின்னால் அவரைப் பற்றி நாலு வரி, கூடவே ஓர் எண். எண்கள் 1 முதல் 240 வரை போயின. சிறுவர்கள் காசு சேர்த்து வாங்கி வாங்கி அடுக்கினார்கள். 105 வந்தது, 107 வந்தது, 106 மட்டும் யார் கைக்கும் வரவில்லை. வந்திருக்கவும் முடியாது. அந்த ஆண்டு 106 அச்சாகவே இல்லை.

கேட்டுக் கடிதம் எழுதியவர்களுக்கு நிறுவனம் 1934-ல் அந்த எண்ணை அச்சிட்டுத் தபாலில் அனுப்பியது. அதில் இருந்தவர் நாப் லாஜுவே, 1916-லேயே பெரிய லீக் ஆட்டத்தை விட்டுவிட்ட பழைய வீரர். இன்று மிஞ்சியிருக்கும் லாஜுவே அட்டைகள் பலவற்றின் ஓரத்தில் பேப்பர் கிளிப் அழுந்திய தடம் தெரியும். கடிதத்தோடு சேர்த்துச் செருகி அனுப்பியதன் அடையாளம் அது. இந்தத் தடத்தைப் பற்றி அறிந்த பிறகுதான் பழைய அட்டைகளை நான் வேறு கண்ணோடு பார்க்க ஆரம்பித்தேன். வீரரின் புகழைவிட, அந்த அட்டை எப்படி அச்சாகி எப்படி வெளியே வந்தது என்பதுதான் எனக்குப் பெரிய கதையாகப் படுகிறது.

இந்த வழிகாட்டி அந்தக் கதையைத் தேட விரும்புகிறவர்களுக்கு. பேஸ்பால் ஆடத் தெரிய வேண்டியதில்லை. அட்டைகள் சொந்தமாக இருக்கவும் வேண்டியதில்லை. அமெரிக்க நாடாளுமன்ற நூலகம், 1887 முதல் 1914 வரை வந்த சுமார் 2,100 அட்டைகளின் படங்களை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. அதற்குப் பிந்தைய அட்டைகளுக்கு ஏல நிறுவனங்களின் பழைய விற்பனைப் படங்கள் போதும். கையில் ஒரு நோட்டும் பென்சிலும் வேண்டும். நிஜ அட்டை கைக்கு வரும்போது ஒரு ஸ்கேலும் பத்து மடங்கு பெரிதாகக் காட்டும் லென்சும் தேவைப்படும்.

முதல் படி: எண்ணுங்கள்

எந்தத் தொகுப்பை எடுத்தாலும் முதலில் இரண்டு எண்களைக் குறியுங்கள். அட்டையில் அச்சான மிகப் பெரிய எண் என்ன? உண்மையில் எத்தனை அட்டைகள் இருக்கின்றன? இரண்டும் ஒன்றாக இருந்தால் பெரிய சிக்கல் இல்லை. ஆனால் பழைய தொகுப்புகளில் இவை அடிக்கடி இடிக்கும். 1939-ஆம் ஆண்டின் பிளே பால் தொகுப்பு 162 வரை போகும், அட்டைகள் 161. அதில் 126 இல்லை. 1953-ல் டாப்ஸ் நிறுவனம் வெளியிட்ட தொகுப்பு 280 வரை போகும், அட்டைகள் 274. 1955 டாப்ஸில் 210 எண்கள், 206 அட்டைகள். 1948-49 லீஃப் தொகுப்பு இதில் எல்லாவற்றையும் மிஞ்சும்: எண்கள் 168 வரை ஓடும், இருப்பதோ 98 அட்டைகள்தான்.

விடுபட்ட எண்களை மட்டும் பார்த்தால் போதாது. ஒரே ஆள் இரண்டு எண்ணில் வருகிறாரா, ஒரே எண்ணில் இரண்டு ஆட்கள் வருகிறார்களா என்றும் பாருங்கள். இந்த மூன்றையும் தனித்தனியாக எழுதி வைத்த பிறகே காரணம் தேடப் போக வேண்டும். காரணத்தை முதலில் முடிவு செய்துகொண்டு எண்ணப் போனால், கண் அதற்கேற்றதை மட்டும்தான் பார்க்கும்.

இரண்டாம் படி: தாளின் கணக்கைப் போடுங்கள்

இதுதான் இந்த வேலையின் உயிர். அட்டைகள் ஒவ்வொன்றாக அச்சாவதில்லை. பெரிய தாளில் வரிசை வரிசையாக அச்சாகி, பிறகு வெட்டப்படுகின்றன. தாளில் எத்தனை இடம் என்பது மாறாது. அட்டைகள் அதைவிடக் குறைவாக இருந்தால் மிச்ச இடத்தைச் சும்மா விட மாட்டார்கள், ஏதாவது ஓர் அட்டையை இரண்டாவது முறை போடுவார்கள். சேகரிப்பாளர்கள் அதை இரட்டை அச்சு என்பார்கள்.

கௌடிக்கு இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஒரு தாளில் 24 இடம், மொத்தம் 10 தாள்கள், ஆக 240 இடம். 1933-ல் அச்சான அட்டைகள் 239. ஓர் இடம் மிச்சம். அந்த ஆண்டுத் தொகுப்பில் பேப் ரூத்துக்கு மட்டும் நான்கு அட்டைகள்: 53, 144, 149, 181. இவற்றில் 144 ஒரே தாளில் இரண்டு முறை இருக்கிறது. மிச்சமான அந்த ஓர் இடம் அதுதான். 106 இல்லாததும் 144 இரண்டாக இருப்பதும் இரண்டு தனிப் புதிர்கள் அல்ல, ஒரே புதிரின் இரண்டு முனைகள்.

சிறுவர்கள் கம் வாங்குவதை நிறுத்திவிடக் கூடாது என்பதற்காகவே 106-ஐ விட்டார்கள் என்று சேகரிப்பாளர்கள் நெடுங்காலமாகச் சொல்கிறார்கள். நான் அதை நம்புகிறேன். நம்புவதற்குக் காரணம் இந்தக் கணக்குதான். இடம் போதாமல் 106 விடுபடவில்லை. இடம் இருந்தும், அதில் ரூத்தை மறுபடி போட்டிருக்கிறார்கள்.

அடுத்து 1952 டாப்ஸ். மொத்தம் 407 அட்டைகள். தொகுப்பு ஒரே தடவையில் வராமல் பகுதி பகுதியாக வந்தது, ஒவ்வொரு பகுதியையும் வரிசை என்பார்கள். கடைசி வரிசை 311-ல் தொடங்கி 407-ல் முடிகிறது, அதாவது 97 அட்டைகள். தாளில் 100 இடம். மூன்று இடம் மிச்சம். அந்த மூன்றில் வந்தவை 311, 312, 313, அதாவது மிக்கி மேண்டில், ஜாக்கி ராபின்சன், பாபி தாம்சன். ஆக, 2022-ல் 1 கோடியே 26 லட்சம் டாலருக்கு ஏலம் போன மேண்டில் அட்டை, தன் வரிசையில் இருக்கும் மற்ற 94 அட்டைகளைவிட இரு மடங்கு அச்சானது! விலை அதிகம் என்பதால் அது அரிதான அட்டை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். இரண்டும் வேறு வேறு கேள்விகள்.

இந்த மூன்று அட்டைகளும் தாளில் இரண்டு இடங்களில் தனித்தனியாகத் தயாரானவை. அதனால் ஒவ்வொன்றிலும் இரண்டு வகை உண்டு. பின்பக்கம் எண்ணைச் சுற்றி ஒரு பந்து வரைந்திருப்பார்கள். அந்தப் பந்தின் தையல் ஒரு வகையில் வலப்பக்கம் பார்க்கும், மற்றதில் இடப்பக்கம் பார்க்கும். லென்ஸ் வைத்துப் பார்க்கப் பழகுவதற்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது.

லீஃபுக்கும் இதே சாவியைப் போடலாம். 98 என்பது இரண்டு 49. 49 என்பது ஏழுக்கு ஏழு. அந்தத் தொகுப்பில் 49 அட்டைகள் சாதாரணமாகக் கிடைக்கும், மற்ற 49 மிக அரிது. ஒரு தாள் பரவலாக விற்பனைக்குப் போனது, மற்றது போகவில்லை. அரிதாக இருப்பது சாட்சல் பேஜ் போன்ற தனித்தனி வீரர்கள் அல்ல, ஒரு முழுத் தாள்.

தாளுக்குத் தொடர்பில்லாத பற்றாக்குறையும் உண்டு, அதையும் மனதில் வையுங்கள். 1932-ல் யூ.எஸ். கேரமல் நிறுவனம் 32 அட்டைகள் வெளியிட்டது. முழுத் தொகுப்பையும் கொண்டுவந்தால் பரிசு. 16-ஆம் எண், ஃப்ரெடி லிண்ட்ஸ்ட்ரம், யாருக்கும் சிக்காதபடி விரல்விட்டு எண்ணும் அளவுக்கே வெளியே போனது. 1980களின் இறுதி வரை அப்படியோர் அட்டை இருந்தது என்பதே உறுதியாகவில்லை. பரிசு அறிவித்த தொகுப்பில் ஒரே ஓர் எண் மாயமானால், முதலில் பரிசைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

மூன்றாம் படி: ஒப்பந்தம் யாரிடம் இருந்தது?

1950களில் டாப்ஸும் அதன் போட்டி நிறுவனமான போமனும் வீரர்களின் ஒப்பந்தக் கையெழுத்துக்காக நீதிமன்றம் வரை போய்ச் சண்டை போட்டன. 1953 டாப்ஸில் விடுபட்ட ஆறு எண்கள் 253, 261, 267, 268, 271, 275. 1955-ல் விடுபட்டவை 175, 186, 203, 209. எண்களைப் பாருங்கள், எல்லாம் தொகுப்பின் கடைசிப் பகுதியில் இருக்கின்றன. தொகுப்பு பாதி வெளிவந்த பிறகு உரிமைத் தகராறில் ஆட்களை எடுக்க வேண்டி வந்தால் ஓட்டை இப்படித்தான் விழும்.

1954-ல் இந்தச் சண்டை அட்டைகளின் முகத்திலேயே தெரிகிறது. அந்த ஆண்டு போமன் தொகுப்பின் 66-ஆம் எண்ணில் முதலில் டெட் வில்லியம்ஸ் இருந்தார். அவர் டாப்ஸோடு ஒப்பந்தம் போட்டிருந்ததால் போமன் அவரை எடுத்துவிட்டு ஜிம் பியர்சாலைப் போட்டது. பியர்சால் ஏற்கெனவே அதே தொகுப்பில் 210. இப்படித்தான் ஒரே ஆளுக்கு இரண்டு எண். அதே ஆண்டு டாப்ஸ் தொகுப்பின் முதல் அட்டையும் வில்லியம்ஸ், கடைசி அட்டையான 250-உம் வில்லியம்ஸ். கிடைத்த ஆளை வாசலில் ஒரு முறையும் கொல்லையில் ஒரு முறையும் நிறுத்திக் காட்டியதுபோல.

ஆகவே ஒரு பெரிய வீரர் தொகுப்பில் இல்லையென்றால் அதே ஆண்டு எதிர் நிறுவனத்தின் பட்டியலைத் திறந்து பாருங்கள். 1954, 1955 டாப்ஸில் மேண்டில் இல்லை, அவர் அப்போது போமனில் இருந்தார். 1956 தொடக்கத்தில் டாப்ஸ் போமனையே வாங்கிவிட்டது, அதன் பிறகு இந்த வகைப் புதிர் கிட்டத்தட்ட நின்றுபோகிறது.

எண் விடுபட வேறு காரணங்களும் உண்டு. 1958 டாப்ஸில் 145 இல்லை. அது எட் பூஷேவுக்கு வைத்திருந்த எண், அவர் அந்த நேரத்தில் ஆட்டத்திலிருந்து இடைநீக்கம் ஆகியிருந்தார். 1974-ல் சான் டியேகோ பாட்ரஸ் அணி வாஷிங்டனுக்குக் குடிபெயரப் போகிறது என்று நம்பி, டாப்ஸ் 15 அட்டைகளில் ஊர்ப்பெயரை வாஷிங்டன் என்றே அச்சிட்டது. மெக்டொனால்ட்ஸ் அதிபர் ரே கிராக் அணியை வாங்கி அங்கேயே வைத்துக்கொண்டார். அட்டைகள் திருத்தப்பட்டன, இரண்டு வகையும் இன்று கிடைக்கின்றன. அன்றைய செய்தித்தாள் தெரியாமல் இதை அவிழ்க்கவே முடியாது.

நான்காம் படி: மனிதர் செய்ததா, இயந்திரம் செய்ததா?

ஒரே அட்டையின் இரண்டு பிரதிகள் வேறுபட்டால் இந்தக் கேள்வியைக் கேளுங்கள். ஒருவர் உட்கார்ந்து அச்சுத் தட்டையோ எழுத்தையோ மாற்றியிருந்தால் அது வேறுபாடு. மை குறைந்தோ, தாள் நகர்ந்தோ, தூசி ஒட்டியோ வந்திருந்தால் அது அச்சுப் பிசகு. பழைய காலண்டர் படங்களில் உதட்டுச் சிவப்பு உதட்டை விட்டு விலகி நிற்குமே, அது இரண்டாம் ரகம்.

1962 டாப்ஸின் இரண்டாம் வரிசையில், அதாவது 110 முதல் 196 வரை, பல அட்டைகள் பச்சை படிந்து இருக்கும். நிறத்தை மட்டும் பார்த்தால் மைக் கோளாறு என்று விட்டுவிடலாம். ஆனால் லீ வால்ஸ், பில்லி ஹோஃப்ட் போன்ற சிலருக்குப் பச்சைப் பிரதியில் புகைப்படமே வேறு. எந்த மைக் கோளாறும் ஒருவரின் முகத்தைத் திருப்பி வைக்காது. ஆக, அந்த வரிசை வேறோர் அச்சகத்தில் புதிதாகத் தட்டு செய்து அடிக்கப்பட்டது என்ற முடிவுக்கு வரலாம். நிறத்தை நம்பாதீர்கள், கோடுகளையும் படத்தையும் நம்புங்கள்.

1952 டாப்ஸில் 48 ஜோ பேஜ், 49 ஜானி செய்ன். இவர்களின் பின்பக்க வரலாறு ஒருவருக்கொருவர் மாறிப்போனது, பிறகு திருத்தப்பட்டது. முதல் 80 எண்களின் பின்பக்கம் கறுப்பு மையிலும் சிவப்பு மையிலும் கிடைக்கிறது. பிழை கறுப்பில் மட்டும்தான் இருக்கிறது. சிவப்பு எல்லாம் சரியானவை. அப்படியானால் கறுப்பு முதலில் அச்சானது, சிவப்பு பிறகு. ஒரு சின்னக் குளறுபடியைக் கொண்டு அச்சின் வரிசையையே சொல்ல முடிகிறது, இதனால்தான் பிழையுள்ள அட்டைகளின் மேல் எனக்கு இத்தனை ஆசை.

1958 டாப்ஸில் பாஞ்சோ ஹெரேராவின் பெயரில் ஆங்கிலத்தின் கடைசி ‘ஏ’ காணாமல் போன பிரதிகள் உண்டு. அந்த எழுத்தை யாரும் வேண்டுமென்று அகற்றியிருக்க மாட்டார்கள். என் கணக்கில் அது இயந்திரப் பிசகு. ஆனாலும் பட்டியல்களில் தனி வேறுபாடாக இடம்பிடித்து, நல்ல விலைக்கும் போகிறது.

திருத்தாமலே விட்ட பிழைகள் இன்னொரு கூட்டம். 1957 டாப்ஸில் ஹாங்க் ஏரனின் படம் இடவலமாகப் புரண்டு, வலக்கைக்காரர் இடக்கைக்காரர் ஆனார். சட்டையில் 44 கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடவலம் மாறித் தெரியும். 1956-ல் அவர் அட்டையில் சறுக்கி ஓடுகிற சிறிய உருவம் வில்லி மேஸ். 1959-ல் லூ பர்டெட் குறும்புக்காக இடக்கையால் எறிவதுபோல் நின்றார், அதுவே அச்சானது. 1969-ல் ஆரேலியோ ரோட்ரிகஸ் என்ற பெயரின் கீழ் இருப்பது அணிக்கு மட்டை எடுத்துக் கொடுக்கும் பையன். இவற்றுக்குத் திருத்திய வகை கிடையாது, ஆகவே அரிது என்று சொல்லி யாராவது கூடுதல் விலை கேட்டால் கொடுக்காதீர்கள்.

ஐந்தாம் படி: திருப்பிப் பாருங்கள்

1909 முதல் 1911 வரை அமெரிக்கன் டொபாக்கோ நிறுவனம் சிகரெட் பெட்டிகளில் வைத்த தொகுப்பை டி206 என்கிறார்கள். ஜெஃபர்சன் பர்டிக் என்ற சேகரிப்பாளர் தன் பட்டியலில் கொடுத்த எண் அது. இந்த அட்டைகளில் எண்ணே கிடையாது. அதனால் முதல் படி இங்கே உதவாது. ஆனால் பின்பக்கத்தில் பீட்மான்ட், ஸ்வீட் கேப்போரல், போலார் பேர் என்று பதினாறு சிகரெட், புகையிலைப் பெயர்களில் ஏதாவது ஒன்று இருக்கும். பல பெயர்களின் கீழே “150 படங்கள்”, “350 படங்கள்”, “350-460 படங்கள்” என்று ஒரு வரியும் இருக்கும். தொகுப்பு வளர வளர இந்த வரி மாறியது. அதாவது ஒவ்வோர் அட்டையும் தான் அச்சான காலத்தை முதுகில் சுமக்கிறது.

ஷெர்ரி மகீயின் பெயரில் ஆங்கில ‘ஈ’ வர வேண்டிய ஓரிடத்தில் ‘ஐ’ விழுந்த பிழை அட்டை, பீட்மான்ட் 150 பின்பக்கத்தோடு மட்டுமே கிடைக்கிறது. தொடக்கத்திலேயே கவனித்துத் திருத்திவிட்டார்கள் என்று தெரிகிறது. ஜோ டாயில் அமெரிக்கன் லீக் அணிக்காரர். அவர் அட்டையில் நியூயார்க் நேஷனல் என்று அச்சாகிவிட்டது, ஏனென்றால் நேஷனல் லீக்கின் நியூயார்க் அணியில் லாரி டாயில் என்று இன்னொருவர் இருந்தார். இந்தப் பிழை பீட்மான்ட் 350-ல் மட்டும் உண்டு.

சரி, இதே டி206-ல் வரும் ஹோனஸ் வாக்னர். உலகம் அறிந்த அட்டை, 2022-ல் 72.5 லட்சம் டாலருக்குக் கைமாறியது. அது ஏன் இத்தனை அரிது என்பதற்கு இரண்டு கதைகள் உண்டு. சிறுவர்கள் அட்டைக்காக சிகரெட் வாங்குவது பிடிக்காமல் அவர் தடுத்தார் என்பது ஒன்று. பணம் தராததால் தடுத்தார் என்பது இன்னொன்று. வாக்னர் புகையிலை மெல்லுகிறவர், முன்பு சுருட்டு விளம்பரத்துக்கும் படம் கொடுத்தவர் என்று முதல் கதையை மறுப்பவர்கள் சொல்வார்கள். பின்பக்கம் எந்தக் கதை உண்மை என்று சொல்லாது, எப்போது நின்றது என்று சொல்லும். வாக்னர் 150 பின்பக்கங்களில் மட்டுமே இருக்கிறார், 350-ல் ஒன்றுகூட இல்லை. எனவே தொகுப்பு பெரிதாவதற்கு முன்பே அவர் நிறுத்தப்பட்டுவிட்டார். அதே தொகுப்பில் பெரிதும் தேடப்படும் எடி பிளாங்க் அட்டையோ 150-லும் 350-லும் கிடைக்கிறது. அவரும் தடுத்தார் என்று சொல்பவர்களும், தட்டு உடைந்தது என்று சொல்பவர்களும் இந்த இரண்டாவது வருகைக்கு முதலில் பதில் சொல்ல வேண்டும்.

பர்டிக் தன் அட்டைகளை நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்து, உடல்நலம் கெட்டிருந்த நிலையிலும் ஆல்பங்களில் ஒட்டி முடித்துவிட்டு, 1963-ல் இறந்தார். அவர் செய்தது மாபெரும் வேலை. ஆனால் ஒட்டியதால் முதுகுகள் மறைந்தன. பின்பக்க ஆராய்ச்சிக்கு வேறு படங்களைத் தேடுங்கள்.

ஆறாம் படி: தேதியைச் சோதியுங்கள்

லீஃப் அட்டைகள் சிலவற்றில் பதிப்புரிமை ஆண்டு 1948, சிலவற்றில் 1949. 1948 ஆட்டப் பருவம் முடிந்த பிறகு எழுதிய செய்திகளும் அவற்றில் இருக்கின்றன. அச்சான ஆண்டை நம்பாமல் பின்பக்கத்தைப் படித்து, அதில் வரும் கடைசி நிகழ்ச்சி எது என்று குறியுங்கள். அட்டை அதற்கு முன்னால் வந்திருக்க முடியாது. 1934 முதல் 1936 வரை வந்த டயமண்ட் ஸ்டார்ஸ் தொகுப்பையும் இப்படியே ஆண்டு வாரியாகப் பிரிக்கலாம்.

ஏழாம் படி: பிறகு நடந்த கைவேலையை ஒதுக்குங்கள்

வெயிலில் கிடந்த அட்டை சிவப்பை இழக்கும், உடனே யாராவது நிறம் விடுபட்ட அபூர்வம் என்பார்கள். எழுத்தைச் சுரண்டிப் பிழை உண்டாக்குகிறவர்கள் உண்டு, மகீ, டாயில் போன்ற அட்டைகளில் இது பழைய தந்திரம். லென்ஸில் காகிதத்தின் நார் கலைந்திருக்கிறதா என்று பாருங்கள். இருட்டறையில் புற ஊதா விளக்கைக் காட்டினால், இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய அட்டை பளீரென்று நீல வெள்ளையாக ஒளிரக் கூடாது. அப்படி ஒளிர்ந்தால் காகிதம் பிற்காலத்தது.

அளவு அடுத்தது. டி206 சுமார் 36.5 மி.மீ. அகலம், 66.7 மி.மீ. உயரம். குறைந்தால் ஓரம் வெட்டியிருக்கலாம். மிகப் புகழ்பெற்ற வாக்னர் பிரதியின் ஓரத்தைத் தானே வெட்டியதாக ஏலக்காரர் பில் மாஸ்ட்ரோ 2013-ல் ஒப்புக்கொண்டார், அதற்கு 1991-லேயே உயர்ந்த தரச்சான்று கிடைத்திருந்தது. ஆனால் அவசரப்பட்டுத் தீர்ப்பும் எழுதாதீர்கள். அமெரிக்கன் பியூட்டி பின்பக்கம் கொண்ட அட்டைகள் ஆலையிலிருந்தே ஒடுங்கி வந்தவை, ஒல்லியான பெட்டிக்குள் போக வேண்டும் என்பதற்காக.

எட்டாம் படி: நோட்டில் மூன்று பத்தி

பார்த்தது, கணக்கிட்டது, கேள்விப்பட்டது என்று பிரித்து எழுதுங்கள். விற்காமல் கிடந்த 1952 அட்டைகளை 1960-ல் படகில் ஏற்றி அட்லாண்டிக் கடலில் கொட்டியதாக டாப்ஸின் சை பெர்கர் சொன்னது மூன்றாம் பத்திக்குப் போக வேண்டும். சொன்னவர் அங்கே இருந்தவர்தான், ஆனாலும் அது அவர் சொன்னது. 97 அட்டை, 100 இடம் என்பது இரண்டாம் பத்தி. பந்தின் தையல் முதல் பத்தி.

பழகிப் பார்க்க 1961 டாப்ஸை எடுங்கள், சாதாரண வீரர்களின் அட்டைகள் மலிவாகவே கிடைக்கும். மிகப் பெரிய எண் 589, அட்டைகள் 587. தேடினால் 426, 587, 588 மூன்றும் இல்லை. அப்படியானால் 586 தானே வர வேண்டும்? ஒன்று கூடுகிறது. இப்போது 463-ஐப் பாருங்கள். ஜாக் ஃபிஷரும் 463, மில்வாக்கி பிரேவ்ஸ் அணியின் படமும் 463. அணியின் படத்துக்கு வந்திருக்க வேண்டிய எண் 426. இலக்கங்கள் இடம் மாறியதோடு ஒன்று வேறாகவும் ஆகிவிட்டது. நோட்டில் 426-க்கு எதிரே “463-ஐப் பார்” என்று எழுதுங்கள், 463-க்கு எதிரே இரண்டு பெயர்கள்.